ஆயுத பூஜை முடியாத வீடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்றுபோனது. மறுபூஜை முடித்து, சூடம் காட்டி, எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற நேரம். தையல் மிஷின் ஓடியது. மிக்ஸி ஓடியது. என் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. கடைசியாகக் கம்ப்யூட்டர் பெட்டியின் பட்டனை அமுக்கினேன். உள்ளே காற்றாடி கொஞ்சம் சுற்றியது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டது. அப்படியே அடங்கிவிட்டது. திரைக்குக் கீழே இருக்கிற ஆரஞ்சு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை.

நான் எதற்கும் கவலைப்படுகிற ஆள். காஸை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். பார்த்துவிட்டுப் போனால், வந்த அவசரத்தில் கதவைப் பூட்டினோமா என்று மறுபடி வருவேன். ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று, "ஒரு மாசம் லீவு சொல்லிடு" என்றுதான் என்னை வீட்டில் நிறுத்தினார்கள். அந்த லீவு இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து, ஏதாவது நின்றால் அது நின்றதுதான், திரும்ப ஓடாது என்று மனசு ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறது.

ஆனால் அன்றைய கவலை பெட்டிக்காக இல்லை. மாமனாருக்காக.

மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு கீழ் போர்ஷனுக்குக் குடிவந்தோம். மாமியார் போய்ச் சேர்ந்த அடுத்த ஆடியில் அவருக்கு மூளையில் அடைப்பு வந்தது. கை கால் தப்பித்தது. பேச்சு தப்பிக்கவில்லை. "ம்", "வேணாம்", "தண்ணி" என்கிற அளவில் நின்றுபோனது. நாள் கிழமையும் கலைந்துவிட்டது. காலையா சாயங்காலமா என்று ஜன்னலைப் பார்த்து யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தினமும் ஒரே மாதிரி நடக்கட்டும்மா. அதே காபி, அதே நாற்காலி, அதே வேலை. மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்குல்ல, அந்த மாதிரி. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவரு ஒரு நாள்லேருந்து அடுத்த நாளுக்கு வர்றாரு. அதை மட்டும் எடுத்துடாதீங்க."

அந்தக் கைப்பிடிதான் இந்தக் கம்ப்யூட்டர். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. அவள் லேப்டாப்போடு சென்னை ஹாஸ்டலுக்குப் போன பிறகு கூடத்து மூலையில் சும்மா கிடந்தது. அதில் ஒரு சீட்டு விளையாட்டு உண்டு. ஒரு நாள் மாமனார் தானாகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலக் காபி முடிந்ததும் அங்கேதான். பட்டனை அமுக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உட்காருவார். கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என்று அவர் கை நிதானமாக அடுக்கும். ஜெயித்துவிட்டால் சீட்டுகள் ஒவ்வொன்றாக மேலிருந்து குதிக்கும். தரையில் பட்டு எம்பி, போகிற வழியெல்லாம் தன் உருவத்தையே வரிசையாக விட்டுக்கொண்டு, திரையை விட்டே ஓடிவிடும். திரை முழுக்கச் சீட்டு அருவி. அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சிரித்து முடித்து எழுந்தால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். கை கழுவிக்கொண்டு சாப்பிட வந்துவிடுவார்.

அன்று சாயங்காலமும் வந்தார். இருண்ட திரையைப் பார்த்தார். பட்டன் மேல் நான் முதல் நாள் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். அவர் சாவகாசமாகத் திரும்பி,

"இன்னைக்கு லீவுல்ல" என்றார். "பொரி எங்கம்மா?"

பல மாதங்களில் அவர் வாயிலிருந்து முழுசாக வந்த வார்த்தைகள் இவைதான்.

அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜையன்று சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டருக்கு மற்றதைப் போல ஒரு விரல் சந்தனம்தான் வைத்தேன். பக்கத்தில் நின்ற மாமனார், "இன்னும்" என்றார். அவர் ஒரு வார்த்தை பேசிவிட்ட சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் வைத்தேன். "இன்னும்." ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்குக் கை நிறைய அப்புவார்களாம்; வீட்டுக்காரர் சொன்னார். பன்னீர் கொஞ்சம் கூடிப்போய்ச் சந்தனம் தளதளவென்று இருந்தது. இரண்டு விரல் நிறைய எடுத்து, பட்டன் மேலேயே நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பெட்டிக்கு அதுதான் முகம் மாதிரி இருக்கும். வேறு எங்கே வைக்கத் தோன்றும்?

பொட்டு வைத்த மிஷின் ஓடக் கூடாது, மறுபூஜை முடிந்து ஓடுகிற வரைக்கும் அது பூஜை நாள். ஒர்க்‌ஷாப்பில் ஆயுள் முழுக்க அவர் பழகிய கணக்கு இது. மிஷின் ஓடவில்லை. ஆகையால் அவருக்குப் பூஜை முடியவில்லை.

வீட்டுக்காரர் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறார். வேலை விட்டு வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் முன் குந்தினார். பிளக்கில் மிக்ஸியைச் சொருகி ஓட்டிப் பார்த்தார், கரண்ட் இருந்தது. ஒயரை மாற்றினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றினார். பக்கத்து மூடியைக் கழற்றி ஊதினார். கூடம் முழுக்கத் தூசி பறந்து மூன்று பேரும் தும்மினோம். உள்ளே இருந்த ஒரு பச்சைப் பட்டையைப் பிடுங்கி, மகள் விட்டுப்போன அழிரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகினார். கம்பெனியில் யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம்.

கடைசியாகத் துண்டை எடுத்துப் பட்டனைத் துடைக்கப் போனார்.

"ஐயையோ, துடைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்கார மாமி எட்டிப் பார்த்தார்.

"என்னடிம்மா, என்னாச்சு?"

"பூஜைப் பொட்டை அழிக்கப் பாக்கறாரு மாமி."

"அழிக்கப்படாது. அதுவா உதிரணும். பெருமாளே, இதெல்லாமா ஆம்பளைகளுக்குச் சொல்லித் தரணும்?"

"சரி மாமி, சரி. தாயே, நீயும் சரி" என்று அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொட்டைத் தொடாம ஓரமா அமுக்கறேன், போதுமா?" ஓரமாக அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. "செத்துடுச்சு. வயசாயிடுச்சுல்ல? புதுசா ஒண்ணு பாத்துடலாம்."

"மெதுவா சொல்லுங்க. மாமா காதுல விழுது."

மகளிடம் போனில் சொன்னேன். "போன்லயே அந்த கேம் இருக்கும்மா" என்று என் போனில் இறக்கிவிட்டாள். மாமனாரிடம் கொடுத்தேன். இரண்டு சீட்டு நகர்த்துவதற்குள் ஒரு பெண் குதித்து வந்து நகை விளம்பரம் பண்ணினாள். மாமனார் மரியாதையாகப் போனை என்னிடமே நீட்டினார். "யாரோ உனக்குப் பேசறாங்க" என்றார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பொரி கேட்டார். கொடுத்தேன். அதற்கும் மறுநாள் வெள்ளைச் சட்டை, பொரி. அதற்கப்புறமும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், தண்ணீருக்குள் கண் திறந்து பார்த்த மாதிரிதான் இருக்கிறது. எல்லாம் மெதுவாக அசைகிறது. ஐப்பசி வெயில் மஞ்சளாக வாசலில் விழுகிறது. காய்ந்த மாவிலை ஜன்னலில் ஆடுகிறது. வீட்டில் ஒரு பண்டிகை, முடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

அவர் பேசினார். தண்ணி, வேணாம் என்கிற அளவு பேச்சு இல்லை; வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற பேச்சு. ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்புக்குள் குடும்பத்தை விடுவார்களாம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மனைவி மக்கள் உள்ளே வந்து, அப்பா நிற்கிற இடம் எது, அவர் தொடுகிற மிஷின் எது என்று பார்க்கலாம். மாமனார் என்னை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்.

"வாம்மா, பாத்து வா, கீழ எண்ணெய் இருக்கும்" என்றார் கூடத்தில். நானும் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடந்தேன். "இது நம்ம ஷாப்பு." மேலே கையைக் காட்டினார். "கிரேன் போகும். இன்னைக்குப் போகாது." நான் நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறிதான். ஆனாலும் அந்தக் கொக்கிக்கு மேலே ஏதோ ஒரு பெரிய கூரை, தூரத்தில் புறா சத்தம், கரி பிடித்த கண்ணாடி வழியாக இறங்குகிற சாய்ந்த வெளிச்சம் எல்லாம் இருப்பது போலத்தான் பட்டது. சமையலறை வாசலில் நின்று, "அங்க போகாத. உலை" என்றார். என் தையல் மிஷினைத் தடவி, "யாரு இதைப் பாக்கறா? நல்லா வச்சிருக்கா" என்றார்.

"நான்தான் மாமா."

"எத்தனாவது படிச்சே?"

"ஒன்பதாவது."

"போதும். கை ஒழுங்கா இருக்கு."

யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி, அலமாரியைத் துடைக்கிற மாதிரி நின்றேன்.

கம்ப்யூட்டரிடம் வந்ததும் அவர் நடை மாறும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். "இது என்னுது" என்பார். உயிரில்லாத கண்ணாடியில் அவர் வெள்ளைச் சட்டையும் என் புடவையும் வாசல் வெளிச்சமும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே எங்கோ நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் வீட்டுக்காரர் லீவில் இருந்து இதைப் பார்த்தார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றி வருவதைக் கதவுப் பக்கம் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "சின்ன வயசுல என்னையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போவாரு. கையைப் பிடிச்சுக்குவாரு. அந்த ஒரு நாள்தான் எங்கிட்ட நிறையப் பேசுவாரு" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதெல்லாம் நல்லதுதானே என்று தோன்றலாம். எனக்கும் பாதி நேரம் தோன்றியது. மீதி நேரம் பயமாக இருந்தது. அவர் ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு வரவில்லை. டாக்டர் சொன்ன கைப்பிடி உடைந்து, படியின் நடுவிலேயே நிற்கிறார். இப்படியே நின்றுவிட்டால்? ராத்திரி என்று சொன்னால் தூங்குகிறார், காலையில் எழுந்தால் மறுபடி அதே பூஜை. ஒரு மாசம் லீவு என்று சொல்லி நான் நின்ற மாதிரி.

அதைவிட ஒன்று இருந்தது. சாயங்காலம் ஆனால் அவர் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"யாரு மாமா வரணும்?"

"அவதான். கேட்ல சொல்லி வச்சிருக்கேன். பேரு கொடுத்துட்டேன்."

குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முன்னால் அவர்கள் எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்கு இருந்தார்களாம். மாமியார் அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வருவாராம். நான் என்ன சொல்வது? அத்தை இல்லை என்று சொன்னால், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பார். வருவாங்க என்று சொன்னால் அது பொய். "காபி சாப்பிடறீங்களா மாமா?" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. செருப்பும் இல்லை. நான் ஓடிய ஓட்டத்தில் என் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. அம்மா மண்டபத்துப் பக்கம் போயிருப்பாரோ, படித்துறையில் இறங்கியிருப்பாரோ, தண்ணீர் வேறு நிறையப் போகிறதே என்று, நடக்காததையெல்லாம் நடந்த மாதிரியே பார்த்துக்கொண்டு ஓடினேன். அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நிற்க, இறங்குகிற ஒவ்வொரு பெண்பிள்ளை முகத்தையும் பார்த்தார். பூக்கூடைக்காரி, பள்ளிக்கூட டீச்சர், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள். பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்காக அதே இடத்தில், சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நின்றார்.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போலாம்."

"கூட்டமா இருக்கும். அவளுக்கு ஏறத் தெரியாது" என்றார்.

அன்று முடிவு செய்தேன். இந்தப் பூஜை முடிந்தாக வேண்டும். அது முடிய, அந்தப் பெட்டி ஓடியாக வேண்டும்.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் மாமியிடம், "கொஞ்சம் பாத்துக்கங்க மாமி" என்று மாமனாரை ஒப்படைத்தேன். கதவைத் தாழ் போடச் சொன்னேன். மறுபடி படியேறிப் போய் அதையே சொன்னேன். "போடீம்மா, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று மாமி விரட்டினார். பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றினேன். முன்பக்கம் பொட்டு கலையாமல் இருக்க ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துக் கட்டினேன். அவ்வளவு கவனம்.

ஒன்றாம் நம்பரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் பெட்டி. கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அவர் பார்வை மடிக்குப் போனது.

"என்னம்மா அது, குழந்தையா?"

"கம்ப்யூட்டருங்க. லக்கேஜ் போடணுமா?"

"ஓடுமா?"

"ஓடலைங்க. அதான் கொண்டுபோறேன்."

"ஓடாததுக்கு லக்கேஜ் எதுக்கு? திரும்பி வரும்போது ஓடிச்சுன்னா போடறேன்" என்றார். முன் சீட்டு அம்மாக்கள் சிரித்தார்கள்.

பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எப்போதும் பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று மடியில் கனம் இருந்ததாலோ என்னவோ, திறந்தே இருந்தேன். கீழே காவிரி அகலமாக, சத்தமில்லாமல், பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் கரைந்து, நிஜமா வரைந்து வைத்ததா என்று தெரியாமல் நின்றது. பெட்ஷீட்டுக்குள்ளே அந்தச் சீட்டுகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். ராஜா ராணியெல்லாம் இருட்டில் அடுக்கினபடியே உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வந்து குதிக்கச் சொல்வார்கள் என்று காத்திருப்பார்கள். மாமியாரும் அங்கேதான் எங்கோ ஒரு பஸ்ஸில், ஜன்னலோரம், மடியில் பிள்ளையோடு, இதே மாதிரி வந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, அந்தக் கடை இருந்தது. வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவர் வழி சொல்லியிருந்தார். உள்ளே செத்த கம்ப்யூட்டர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. பேஷண்டுக்கு என்ன?"

சொன்னேன். பெட்டியைப் பற்றி ஆரம்பித்து, மாமனார், பொரி, பஸ் ஸ்டாப் வரை எல்லாம் சொல்லிவிட்டேன். கவலை வந்தால் எனக்கு வாய் நிற்காது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பெரியவரு, உங்க அத்தா, காத்துக்கிட்டு இருக்காரு. அப்ப இதை முதல்ல பாத்துடுவோம்" என்று, கையில் இருந்த வேலையைத் தள்ளி வைத்தார்.

அவருடைய ஒயரை மாட்டினார். துண்டை எடுத்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைக் கேட்காமல் அதைத் துடைக்க அவருக்கும் மனசில்லை போலிருக்கிறது. நகத்தால் ஓரமாக அமுக்கினார். ஒன்றுமில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு மெல்லிய ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்குரூ டிரைவர் முனையால் இரண்டு சின்ன ஊசிகளைச் சேர்த்துத் தொட்டார்.

காற்றாடி குபீரென்று எழுந்தது. ஓடியது. நிற்கவில்லை.

"உசிரு இருக்கு" என்றார் பாய். "வீட்டுக்குள்ள எல்லாரும் நல்லா இருக்காங்க. வாசக்கதவுதான் சிக்கிக்கிட்டிருக்கு."

முன்பக்க முகப்பைக் கழற்றித் தனியாக எடுத்தார். எடுத்ததும் கடை முழுக்க ஒரு வாசனை வந்தது. பாய் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா இது, கம்ப்யூட்டருக்குள்ளேருந்து கல்யாண வீட்டு வாசனை வருது?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முகப்பைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்பே புரிந்துவிட்டது. தளதளவென்று நான் அப்பிய சந்தனம் பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் வழிந்து இறங்கி, பின்னால் போய், காய்ந்து கல்லாகியிருந்தது. மறுபூஜையன்று நான் அமுக்கிய அமுக்கலில் உள்ளே போன பட்டன் திரும்பி வெளியே வரவேயில்லை. நகக்கண் அளவுதான் உள்ளே போயிருந்தது. மேலே பொட்டு மூடியிருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. துடைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"இதைப் பாருங்க" என்றார் பாய். "அன்னைலேருந்து யாரோ ஒருத்தர் இதை விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி. அப்படிப் பிடிச்சா அது எப்படிம்மா எந்திரிக்கும்? கையை விட்டாத்தானே எந்திரிக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவருதான் இன்னும் வைக்கச் சொன்னாரு" என்றேன். குழந்தை மாதிரி.

"பரவாயில்லம்மா. நானும் வெள்ளிக்கிழமை கடைக்கு ஊதுபத்தி காட்டத்தான் செய்யறேன். மெஷினுக்குள்ள சொருகறதில்ல, அவ்வளவுதான்." அவர் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்தது. "அடுத்த தடவை நெத்தியில வைங்க. மூக்கை விட்டுடுங்க."

அவர் சுரண்டச் சுரண்ட, கீழே விழாமல் நான் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டேன். பூஜைச் சந்தனம், கடைத் தரையில் காலில் மிதிபடக் கூடாது. அவரும் கைக்குட்டைக்கு நேராகவே சுரண்டினார். பட்டன் டக்கென்று வெளியே குதித்தது. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, முகப்பை மாட்டி, பிடுங்கிய ஒயரைச் சொருகிவிட்டு, அவர் பெட்டியை என் பக்கம் திருப்பினார். "நீங்களே அமுக்குங்க." அமுக்கினேன். ஓடியது.

திரும்பும்போது அதே கண்டக்டர் இல்லை. வேறொருவர், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எனக்குத்தான் யாரிடமாவது ஓடுது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. பாலம் வந்தது. வெயில் இறங்கி, தண்ணீரெல்லாம் பித்தளையாக மாறியிருந்தது. மடியில் பெட்டி, முந்தானை முடிச்சில் கைக்குட்டைச் சந்தனம். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் பஸ் கொஞ்ச நேரம் இந்தப் பாலத்திலேயே நின்றால் தேவலை என்று மனசு கேட்டது. வீட்டுக்குப் போய் இதை ஓட்டினால் பூஜை முடிந்துவிடும். வாம்மா, பாத்து வா, கீழ எண்ணெய் இருக்கும் என்று கூட்டிப்போகிறவர் போய்விடுவார். தண்ணி, வேணாம் மட்டும் மிஞ்சும். என்னிடம் ஒன்பதாவது போதும் என்று சொன்ன ஒரே ஆள் அவர். இப்படி நினைத்துக்கொண்டே, பஸ் ஸ்டாப்பில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவரையும் நினைத்தேன். பஸ் நிற்கவில்லை. பாலம் தாண்டிவிட்டது.

வீட்டில் மாமனார் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவரைக் கீழே கூட்டிவந்திருந்த மாமி, "சமத்தா இருந்தார். எனக்கு மாடியில கிரேன் இருக்குன்னு காட்டினார்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். நான் பெட்டியை அதன் இடத்தில் வைத்து, ஒயர்களைச் சொருகினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். அவர் எழுந்து வந்து, பொட்டில்லாத பட்டனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மறுபூஜை, மாமா. நீங்களே ஓட்டுங்க."

அவர் கையை நீட்டினார். பட்டனுக்கு இல்லை, என்னிடம். "எலுமிச்சம்பழம்."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். குனிந்து பெட்டியின் அடியில் பார்த்தார். சக்கரத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது. இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் யோசித்து, பழத்தைத் தரையில் பெட்டிக்கு முன்னால் வைத்துக் குதிகாலால் மிதித்தார். அது பிளந்து, சாறு தரையில் ஓடி, வீடெல்லாம் மணத்தது. அப்புறம் நிமிர்ந்து பட்டனை அமுக்கினார்.

காற்றாடி எழுந்தது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். சத்தம் சீராகிற வரை கேட்டார். "ஓடுது" என்றார். திரை வெளுத்தது. கண்ணாடிக்குள் நின்றிருந்த எங்கள் உருவங்கள் அழிந்தன.

நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். உடனே நகர்த்தவில்லை. வாசலைப் பார்த்தார்.

"அவ வரலை" என்றார்.

எனக்குக் காபி சாப்பிடறீங்களா என்று கேட்க வாய் வரவில்லை. "இல்ல மாமா" என்றேன். "வரலை."

"பஸ்ஸை விட்டிருப்பா."

யாரையும் குறை சொல்லாத குரலில், "சரி. லீவு முடிஞ்சுது" என்றார். திரையின் பக்கம் திரும்பி, ஒரு கறுப்புச் சீட்டின் மேல் ஒரு சிவப்புச் சீட்டை வைத்தார்.

வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தபோது சீட்டுகள் குதித்துக்கொண்டிருந்தன. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்தபடியே அப்பா பின்னால் வந்து நின்றார். இரண்டு பேர் முகத்திலும் அந்த வெளிச்சம் ஓடியது. அப்பா சிரித்தார். பிள்ளை அவர் தோளில் கையை வைத்தார். மாமனார் எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார். "என்ன வேணும் மாமா, ரசமா மோரா?" என்றேன். "மோர்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டார். பொரி கேட்கவில்லை. மீந்த பொரியை நான் டப்பாவிலேயே வைத்திருந்து, நமத்துப்போன பிறகு மொட்டை மாடியில் காக்கைக்குப் போட்டேன். கைக்குட்டைச் சந்தனத்தை மாமியின் துளசித் தொட்டியில் கரைத்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் அவர் அதற்கப்புறம் போகவில்லை. சாயங்காலம் நான் தைத்துக்கொண்டிருப்பேன், அவர் அடுக்கிக்கொண்டிருப்பார். என் மிஷின் சத்தமும் அவர் மவுஸ் சத்தமும் சேர்ந்து கேட்கும்போது சில நேரம் மேலே பார்ப்பேன். மின்விசிறிதான் சுற்றுகிறது.

இந்த வருஷப் பூஜை நெருங்கிவிட்டது. பொட்டைப் பெட்டியின் தலையில்தான் வைப்பது, பன்னீரைக் குறைப்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று அவர் "இன்னும்" என்று சொன்னால் என்ன செய்வது என்று இப்போதே கவலையாக இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கவலை.